பைலோமாவுக்குப் ‘பித்தக்கட்டி’ சரிதானா?

வணக்கம். மருத்துவச் சொற்களுக்கான தமிழ்ப் பட்டியலில் இந்த இரண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்:

> பிளன்ட் ட்ராமா: மழுங்கற்காயம்
> பைலோமா: பித்தக்கட்டி

முதல் சொல்லைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். மழுங்கியது அடித்த பொருள், காயம் அல்ல. தோல் கிழியாமல் உள்ளே படும் அடிக்கு ஊமைக்காயம் என்று பேச்சிலேயே சொல் இருக்கிறது. அதுவே போதும்.

பித்தக்கட்டிதான் உறுத்துகிறது. 1979இல் பைலோமா என்று பெயர் வைத்தவர்கள் கட்டியைக் குறிக்கும் ‘ஓமா’ விகுதியைச் சேர்த்துவிட்டார்கள், நாமும் கட்டி என்கிறோம். அங்கே எதுவும் வளர்வதில்லை. ஸ்டியரிங் வயிற்றில் மோதிக் கல்லீரல் கிழியும்போது பித்தக்குழாயும் சேர்ந்து கிழிந்தால், பித்தம் கசிந்து வெளியே ஓரிடத்தில் தேங்குகிறது. அவ்வளவுதான். நோயாளியிடம் ‘கட்டி’ என்றால் அவர் மனம் நேராகப் புற்றுநோய்க்குப் போய்விடும்.

கண்டறியும் விதத்தையும் பாருங்கள். முதல் நாள் அல்ட்ராசவுண்டில் வயிற்றுக்குள் திரவம் தெரியும். இரத்தமா பித்தமா என்று தெரியாது. சாயமருந்து ஏற்றி எடுக்கும் சிடி ஸ்கேன் கல்லீரல் கிழிசலின் ஆழத்தைக் காட்டும், 1 முதல் 5 வரை தரம் பிரிக்கலாம். பித்தக்கசிவு மட்டும் பல நேரம் அன்றைக்குப் பிடிபடாது. சில நாள், ஏன், சில வாரம் கழித்துக்கூட, காய்ச்சலும் வயிற்றுவலியும் வந்து மறுபடி ஸ்கேன் எடுத்தால் கிட்டத்தட்ட தண்ணீரின் அடர்த்தியில் ஒரு தேக்கம். பித்தம்தான் என்று உறுதிசெய்ய ஊசியால் உறிஞ்சிப் பார்ப்பார்கள். அல்லது ஹைடா ஸ்கேனில் கதிரியக்க மருந்து குழாயைத் தாண்டிச் சேர்வதைப் பார்ப்பார்கள். கசியும் இடத்தை இஆர்சிபி (வாய்வழியே உள்நோக்கியை இறக்கிப் பித்தக்குழாயைப் படமெடுப்பது) காட்டும், அதிலேயே ஸ்டென்ட் என்னும் சிறு குழாயையும் வைத்துவிடலாம்.

சரி, ‘பித்தத்தேக்கம்’ என்றால்? அது கொலஸ்டாசிஸுக்குத்தான் பொருந்தும். அங்கே பித்தம் போக வழியில்லாமல் நிற்கிறது. இங்கே வழி உடைந்து வெளியேறுகிறது. ‘கசிபித்தத் தேக்கம்’ இலக்கணத்துக்கு அழகு, ஆனால் வார்டில் யார் வாயிலும் நுழையாது.

என் ஓட்டு பித்தக்குட்டைக்கு. வழிமாறி ஓடிய நீர் பள்ளத்தில் நின்றால் குட்டைதானே? உயரக் குறைவு என்று யாராவது கேலி செய்வீர்கள், தெரியும். செய்யுங்கள்.

அப்புறம், பட்டியலில் விட்டுப்போன ஒன்று. அடிபட்ட கல்லீரலிலிருந்து இரத்தம் பித்தக்குழாய்க்குள் இறங்கி, இரத்த வாந்தியாகவோ கருப்பு மலமாகவோ வெளிப்படுவது. 1948இல் இதற்கு வைத்த பெயரைத் தமிழில் எழுதினால் ‘ஹீமோபிலியா’. இரத்தம் உறையாத பரம்பரை நோயையும் அப்படியே எழுதுகிறோம்! எனவே இதற்குத் தமிழ்ச்சொல் உடனே வேண்டும். ‘பித்தவழிக் குருதிக்கசிவு’ என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். இதைவிடச் சின்னதாக யாரிடமாவது இருக்கிறதா?