மின்நிலையத்து ஜிப்சத்தைக் கடலைக்காட்டில் போடலாமா?

அந்தியூர்க் காட்டுக்காரர்:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் மூன்று ஏக்கர் செம்மண் காட்டில் நிலக்கடலை விதைத்து 35 நாள் ஆகிறது. சென்ற பட்டத்தில் செடி செழிப்பாக நின்றும், காயை உடைத்துப் பார்த்தால் பாதிக்குப் பாதி உள்ளே பருப்பில்லாத பொக்காக இருந்தது. இப்போது ஒரு வியாபாரி, அனல் மின்நிலையத்தில் புகையைக் கழுவும்போது கிடைத்த ஜிப்சம் என்று சொல்லி, ஒரு லோடு குறைந்த விலைக்குத் தருவதாகக் கூறுகிறார். மேட்டூர்ப் பக்கம் சாம்பல் லாரிகளைப் பார்த்தே பழகிய எனக்கு, இதுவும் அந்தச் சாம்பல்தானோ என்று பயமாக இருக்கிறது.

மண்ணியல் மாணவர்:
இரண்டும் வேறு வேறு, ஐயா. சாம்பல் என்பது நிலக்கரி எரிந்தபின் மிஞ்சுவது. நீங்கள் கேட்பதோ, புகையிலுள்ள கந்தக டை ஆக்சைடைச் சுண்ணாம்புக்கல் கரைசலைத் தெளித்துப் பிடித்து, அந்தக் கரைசலுக்குள் காற்றை ஊதும்போது படிகிற கால்சியம் சல்பேட், அதாவது ஜிப்சம். தூய ஜிப்சத்தில் ஏறத்தாழ 23 சதவீதம் கால்சியமும் 18.6 சதவீதம் கந்தகமும் உண்டு. காற்று போதாமல் போனால் கால்சியம் சல்பைட்டாகவே நின்றுவிடும். அது இளம் வேருக்கு ஆகாது. நிலக்கரியிலிருந்து வரும் பாதரசம், செலினியம், போரான் ஆகியவையும் ஒட்டியிருக்கக்கூடும் என்பதால், ஆய்வக அறிக்கை இல்லாத லோடைத் தயவுசெய்து காட்டுக்குள் இறக்க விடாதீர்கள்.

பவானிக் கடலைக்காரர்:
பொக்குக்கு முக்கியமான காரணம் கால்சியக் குறைவு. பூத்தபின் செடியிலிருந்து கீழே நீளும் விழுது மண்ணுக்குள் இறங்கியபின், காய் தனக்கு வேண்டிய கால்சியத்தை வேர் வழியாக அல்லாமல், தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்தே நேராக உறிஞ்சுகிறது. ஆகவே அடியுரத்தோடு போட்டுவிட்டு மறந்துவிடாமல், 40 முதல் 45 நாளுக்குள், மண் ஈரமாக இருக்கும்போது, ஏக்கருக்கு 160 கிலோ வீதம் செடியோரம் இட்டு மண் அணைக்க வேண்டும். வாங்கும்முன் ஒரு பிடி எடுத்து எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து பாருங்கள். ஜிப்சம் சும்மா நனையும், பொங்கி நுரைத்தால் அதில் சுண்ணாம்புக்கல் கலந்திருக்கிறது.

மண்ணியல் மாணவர்:
அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சோடியம் மிகுந்த களர் நிலத்திலும் ஜிப்சத்தின் கால்சியம் சோடியத்தை விலக்கும்; ஆனால் விலகிய சோடியத்தைக் கழுவி வெளியேற்ற நல்ல தண்ணீரும் வடிகாலும் வேண்டும். ஓடைக்கல், அதாவது சுண்ணாம்புக் கற்கள், நிறைந்த காடாக இருந்தால், மண்ணைச் சோதிக்காமல் செலவு செய்ய வேண்டாம்.

அந்தியூர்க் காட்டுக்காரர்:
மிக்க நன்றி. வியாபாரியிடம் அறிக்கை கேட்டிருக்கிறேன். நாளை மண் மாதிரியையும் கொடுத்துவிடுகிறேன். நாலு நாளுக்குள் அறிக்கை கைக்கு வராவிட்டால், வேளாண் விரிவாக்க மையத்தில் ஜிப்சம் வாங்கி மண் அணைத்துவிடுவேன், பருவம் தவறக்கூடாது.