காற்றடைத்த படகா, கெட்டிப் படகா?

வணக்கம் நண்பர்களே. எங்கள் 32 அடிப் பாய்மரப் படகுக்குத் துணையாக ஒரு சிறுபடகு வாங்க வேண்டும். நங்கூரமிட்ட இடத்திலிருந்து கரைக்குப் போய்வரத்தான். காற்றடைத்ததா, ஃபைபர் கிளாஸில் கட்டியதா என்று வீட்டில் தினமும் பட்டிமன்றம்.

காற்றடைத்ததைச் சுருட்டி உள்ளே வைத்துவிடலாம். விளிம்பில் ஆள் உட்கார்ந்தாலும் எளிதில் கவிழாது. பெரிய படகில் உரசினாலும் பெயின்ட் போகாது. ஆனால் எதிர்க்காற்றில் துடுப்புப் போட்டால் நகர்கிறோமா என்றே சந்தேகம் வந்துவிடும். சிப்பி ஒட்டிய பாறையில் இழுத்தால் கிழியும். பிவிசி என்ற பிளாஸ்டிக்கில் செய்தது வெயிலில் சீக்கிரம் வீணாகும். ஹைபலான் என்ற செயற்கை ரப்பரில் செய்தது தாங்கும், விலைதான் கடிக்கிறது.

கெட்டிப் படகு துடுப்புக்கு அருமையாக ஓடும். மோட்டாரே வேண்டாம் என்பதால் என் மனம் அந்தப் பக்கம். சிக்கல் இடம்தான்: பாய்மரத்துக்கு முன்னால் தளத்தில் இருப்பது ஏழடி. எட்டடிப் படகைக் கவிழ்த்து வைத்தால் முன்கதவைத் திறக்க முடியாது.

இரண்டாகப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்று அடுக்கும் வகையை யாராவது பயன்படுத்துகிறீர்களா? தண்ணீரில் மிதக்கும்போதே இரு பாதிகளையும் பூட்ட முடிகிறதா? பாய் ஏற்றும் கயிற்றில் கட்டித் தனியாளாகத் தூக்கலாமா? பின்னால் கட்டி இழுத்துப் போ என்று மட்டும் சொல்லாதீர்கள். அலை எழுந்தால் அது வந்து நம்மையே இடிக்கும்.