சிகாகோல பக்கத்து பக்கத்துல ரெண்டு போலிஷ் கோவில், ஏன்?

ஊர்சுத்தி:
நார்த்வெஸ்ட் சைடுல ஸ்தனிஸ்லாஸ் கோஸ்கான்னு ஒரு கத்தோலிக்க கோவில் (சர்ச்), பெருசுன்னா அவ்ளோ பெருசு. நடந்தே போற தூரத்துல ஹோலி டிரினிட்டி, அதுவும் போலிஷ்காரங்க கட்டினதாம். கூட்டம் தாங்கலையா, இல்ல சண்டையா?

பங்குப்பேரவை ஆளு:
ரெண்டும்தான் ப்ரோ. ஸ்தனிஸ்லாஸ் பங்கு (ஒரு கோவிலச் சேர்ந்த கத்தோலிக்க சமூகம்) 1867ல ஆரம்பிச்சது, 1890கள்ல கிட்டத்தட்ட 40,000 பேர். ஹோலி டிரினிட்டிய 1870கள்ல கட்டினதே கூட்டத்துக்காகத்தான், ஆனா உடனே சண்டைல போய் நின்னுச்சு. அப்ப மேப்புல போலந்துன்னு ஒரு நாடே இல்ல, ரஷ்யா, ப்ரஷ்யா, ஆஸ்திரியா மூணும் பிச்சு எடுத்துக்கிட்டாங்க, அதனால இங்க வந்தவங்கள்ல ஒரு கோஷ்டி முதல்ல நாடுன்னுச்சு, இன்னொண்ணு முதல்ல திருச்சபைன்னுச்சு. ஸ்தனிஸ்லாஸ் பங்குச்சாமி வின்சென்ட் பார்ஜின்ஸ்கி ரெண்டாவது கோஷ்டிக்கு தலை, ஹோலி டிரினிட்டியும் தன் கைக்குள்ள இருக்கணும்னார், அவங்க நாங்க கட்டின கோவில், சொத்து எங்களதுன்னு நின்னாங்க. பல வருஷம் பூட்டியே கெடந்துச்சு. 1893ல ரோமோட பிரதிநிதி தலையிட்டு வேற துறவற சபை சாமியார்கிட்ட கொடுத்தப்புறம்தான் அடங்குச்சு. நம்மூர்ல யாரு கொடியேத்துறதுன்னு நடக்குற பஞ்சாயத்தெல்லாம் இதுகிட்ட நிக்கவே முடியாது.

லூர்து:
இதுக்கு அடிப்படை ஒண்ணு இருக்கு. அங்க ஏரியா வாரியா மட்டும் பங்கு இல்ல, பாஷை வாரியாவும் இருந்துச்சு. ஏரியா பங்குல பெரும்பாலும் ஐரிஷ் சாமியார்தான், அவர்கிட்ட போய் போலிஷ்லயோ லித்துவேனியன்லயோ எப்படி பாவசங்கீர்த்தனம் (பாவத்தச் சொல்லி மன்னிப்பு கேக்குறது) பண்றது? அதான் ஜெர்மன், செக், இத்தாலியன்னு ஆளாளுக்கு தனிப் பங்கு. 1916ல பேராயரா வந்த மண்டலைன், எல்லாரும் அமெரிக்கன் ஆகணும், ஸ்கூல்ல இங்கிலீஷ்தான்னு இறங்கினார், போலிஷ்காரங்க அசையல, ரோம் வரைக்கும் புகார் போச்சு.

ஊர்சுத்தி:
அப்ப கறுப்பின கத்தோலிக்கர்லாம் எங்க போனாங்க?

லூர்து:
செயின்ட் மோனிகா பங்கு. அகஸ்டஸ் டோல்டன்னு ஒரு சாமியார், அடிமையா பிறந்தவர், அமெரிக்க செமினரி (சாமியாருக்குப் படிக்கிற இடம்) எதுவும் சேத்துக்காம ரோம்ல படிச்சு 1886ல குருப்பட்டம் வாங்கினார், 1889ல சிகாகோ வந்து அந்தப் பங்க வளத்தார், 1897ல வெயில் தாக்கி 43 வயசுல போயிட்டார். 2019ல வணக்கத்துக்குரியவர்னு (புனிதர் பட்டத்துக்கு முந்தின ஒரு படி) அறிவிச்சாங்க. என்னைக் கேட்டா ரெண்டு கோவில் சண்டைய விட இவர் கதைதான் முக்கியம்.

மெரினாக்காரன்:
அண்ணே, அப்படியே பில்சன் ஏரியாவும் போயிட்டு வாங்க. செக்காரங்க கட்டின புனித ப்ரொகோபியுஸ்ல இப்ப மெக்சிகன் ஜனங்கதான். ஸ்தனிஸ்லாஸ்லயே ஸ்பானிஷ் பூசை உண்டு. கென்னடி எக்ஸ்பிரஸ்வேய அந்தக் கோவில இடிக்காம வளைச்சு போட்டிருக்காங்க, கார்ல போறப்ப கவனிச்சா தெரியும்.