மூன்று நாளாகக் காய்ச்சல், சளி இருமல் எதுவும் இல்லை: பல்தான் காரணமா?

கேள்வி (தலைப்பிள்ளைத்தாய்):
மகனுக்குப் பத்து மாதம். செவ்வாய் இரவு நெற்றி அனலாகச் சுட்டது. அக்குளில் தெர்மாமீட்டர் வைத்தால் 102.4. இன்று மூன்றாம் நாள். பாரசிட்டமால் கொடுத்தால் இறங்குகிறது, சில மணி நேரத்தில் மறுபடி ஏறுகிறது. மூக்கு ஒழுகவில்லை, பேதி இல்லை. இறங்கிய நேரத்தில் தவழ்ந்து போய் என் செருப்பைக் கடிக்கிறான். கீழ் ஈறு வீங்கியிருப்பதால், “பல் காய்ச்சல்தான், தானாகப் போகும்” என்கிறார் மாமியார். போன மாதம் போட்ட தடுப்பூசியாகவும் இருக்குமோ?

பழைய செவிலி:
குழந்தைகள் வார்டில் 22 ஆண்டு வேலை பார்த்தவள் நான். பாவம், பல்மீது பழி போடாதீர்கள் அம்மா. பல் முளைத்தால் எச்சில் வடியும், நச்சரிப்பான், உடம்பு லேசாக வெதுவெதுக்கலாம். 102 வராது. போன மாத ஊசிக்கும் இதற்கும் தொடர்பில்லை. கிருமி உள்ளே வந்ததும் மூளை உடம்பின் சூட்டை ஏற்றிவிடுகிறது, அதுதான் காய்ச்சல். பெரும்பாலும் வைரஸ்தான். ஆனால் சளியும் இல்லாமல் பேதியும் இல்லாமல் காய்கிற குழந்தைக்குச் சிறுநீரைப் பார்க்காமல் விடக்கூடாது. இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்தின் அளவையும் அவனுடைய எடையைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். (மூன்று மாதம் நிரம்பாத குழந்தை என்றால் 100.4 தொட்டதுமே ஓட வேண்டும்.)

இரட்டைச்சடை அப்பா:
செவிலி அம்மா சொல்வது சரி. எங்கள் மகளுக்கு அப்படித்தான் சிறுநீர்த் தொற்று தெரியவந்தது. நாங்களும் ஐந்து நாள் பல்லைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம். ஒன்று சொல்கிறேன்: சிறுநீர் பிடிப்பது லேசில்லை. துடைத்துச் சுத்தம் செய்துவிட்டு, பாட்டிலும் கையுமாக நாற்பது நிமிடம் காத்திருந்தேன். மூடியைத் திருகிய நொடியில் என் சட்டைமேல் போய்விட்டாள்.

தலைப்பிள்ளைத்தாய்:
அன்று மாலையே போனோம். சிறுநீரில் ஒன்றும் இல்லை; காதும் தொண்டையும் சுத்தம். நேற்றுக் காலை 98.4. அப்பாடா என்று உடம்பு துடைக்கச் சட்டையைக் கழற்றினால், மார்பிலும் முதுகிலும் ரோஜா நிறத்தில் பொடிப்பொடியாகத் தடிப்புகள்! அலறியடித்துக்கொண்டு மறுபடி ஓடினேன். மருத்துவர் பார்த்ததும் சிரித்துவிட்டார். ரோசியோலாவாம். ஒரு வைரஸ்; மூன்று முதல் ஐந்து நாள் காய்ச்சல் அடித்து, அது இறங்கிய பிறகுதான் தடிப்பு வருமாம். தனி மருந்து வேண்டாம், தானாக மறைந்துவிடும் என்றார்.

“தானாகப் போகும்” என்றது பலித்துவிட்டதாக மாமியாருக்கு ஏகப் பெருமை. பல் மட்டும் இன்னும் வெளியே வரவில்லை.