காய்ச்சல் விட்ட பிறகு சதை கிழிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

பாட்டுக்காரன்
டெங்கு எல்லோருக்கும் தெரிந்த கதை, அதை விடுங்கள். ரத்தத்தில் தட்டணு (பிளேட்லெட்) 38,000 வரை இறங்கியது, ஏறியது, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பதினெட்டாம் நாள் மின்னொளிக் கபடி ஆட்டம். காய்ச்சல் இல்லை, பசி திரும்பிவிட்டது, எடை மட்டும் நான்கு கிலோ குறைவு. எடைப் பிரிவுக்கு வசதிதானே என்று மேலாளர் சிரித்தார்.

மூன்றாவது ரைடு. போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டித் திரும்பும்போது வலது பின்தொடையில் ஏதோ அறுந்தது. குப்புற விழுந்தேன். நடிக்கிறான் என்று நினைத்து எதிரணியில் ஒருவரும் நெருங்கவில்லை. நானும் பாட்டை விடவில்லை. கபடி கபடி என்று பாடிக்கொண்டே முழங்கையை ஊன்றி நடுக்கோட்டை நோக்கி நகர்கிறேன். கால் பின்னால் மூட்டை போல இழுபடுகிறது. கடைசியில் அவர்களுடைய கார்னர் பையன் வந்தான். கணுக்காலைப் பிடிக்கவில்லை. முதுகில் கையை வைத்து, "அண்ணா, பாட்டை நிறுத்துங்கள்" என்றான்.

ஒன்பது வருடத்தில் அந்தத் தொடை ஒருநாள்கூட முனகியதில்லை. ஸ்கேனில் இரண்டாம் நிலைக் கிழிசல். காய்ச்சலா, என் அவசரமா என்று இன்னும் தெரியவில்லை.

புதுப்பந்து
எனக்கு 2021 கொரோனா. லேசானதுதான், வாசனைகூடப் போகவில்லை. நெகட்டிவ் வந்த ஒன்பதாம் நாள் வலைப்பயிற்சி. ஐந்தாவது ஓவரில் பந்தை விடும் நொடியில் இடது விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், ஏழு வாரம் பந்தைத் தொடவில்லை. அந்த வாரங்களில் தும்மல் வந்தாலே பயம்.

கிரிக்கெட் வீரர் சுப்மன் கில்லைப் பாருங்கள். 2023 உலகக் கோப்பையில் டெங்குவால் முதல் இரண்டு ஆட்டங்களில் அவர் இல்லை. ஒரு மாதத்துக்கு மேல் கழித்து, நவம்பர் 15 அன்று மும்பை வான்கடே அரையிறுதியில் 79 ஓட்டத்தில் தசைப்பிடிப்பால் வெளியேறினார். டெங்குவின் மிச்சமும் அதில் இருந்ததாக அவரே சொன்னார்.

நேர்க்கோடு
அதே ஆட்டத்தில் கோலிக்கும்தான் தசைப்பிடிப்பு வந்தது. அவருக்கு எந்த டெங்கு? மும்பை வெக்கையை மறந்துவிட்டீர்கள்.

கிருமியைக் குற்றம் சொல்வது நமக்கு வசதியாக இருக்கிறது. பதினெட்டு நாள் ஓடாதவன் திடீரென்று முழு வேகத்தில் ஓடினால் காய்ச்சல் வந்தாலும் வராவிட்டாலும் கிழியும். 2020 மே 16 அன்று ஜெர்மனியில் பூந்தெஸ்லீகா கால்பந்துத் தொடர் மறுபடி தொடங்கியபோது நடந்தது என்ன? இரண்டு மாதம் ஆட்டமே இல்லாமல் இருந்துவிட்டு வந்தவர்கள் வரிசையாகக் காயத்தில் விழுந்தார்கள். அவர்கள் எல்லோருக்குமா கொரோனா? ஓய்வுதான் காரணம். எனக்கும் மஞ்சள் காமாலைக்குப் பிறகு இடுப்புச் சதை போனது. தப்பு என்னுடையது, கல்லீரலுடையது அல்ல.

மண்தரை
நேர்க்கோடு சார், ஓய்வு காரணமில்லை என்று யாரும் சொல்லவில்லை. அது மட்டும்தான் என்கிறீர்களே, அங்குதான் இடிக்கிறது. பெல்ஜியத்தில் மூன்று தொழில்முறைக் கால்பந்து அணிகளின் 84 வீரர்களைப் பல வாரங்கள் கவனித்தார்கள். ஒரே லீக், ஒரே பருவம். கொரோனா வந்து திரும்பியவர்களுக்குச் சதைக் கிழிசல் அபாயம் மற்றவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

என் கதை சிறியது. ஃப்ளூ, நான்கு நாள். மைதானத்துக்கே போகவில்லை. பஸ் படியிலிருந்து இறங்கினேன், கெண்டைக்கால் போய்விட்டது. கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார், பஸ் போய்விட்டது, நான் ஒற்றைக்காலில் நிற்கிறேன். ஓடாமலே கிழிந்ததை எந்தக் கணக்கில் எழுதுவது?

தைலக்கை
இருபது வருடமாக வீரர்களின் கால்களைப் பிடித்துவிடுகிறவன். ஒரு ஓட்டக்காரப் பெண், வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு வந்தாள். தொடையில் விரலை வைத்ததுமே பிசைந்து வைத்த மாவு போல இருந்தது. ஓடாதே என்றேன். ஓடினாள். அவ்வளவுதான் என் அனுபவம். இனி எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் வலி மாத்திரை. டெங்கு இருக்கும்போது இபுபுரூஃபனும் டைக்ளோஃபெனாக்கும் தொடக்கூடாது, ரத்தக்கசிவு வரும். தட்டணு குறைந்திருக்கையில் இடுப்பில் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள், சதைக்குள்ளேயே ரத்தம் கட்டும். பாராசிட்டமால் போதும், அதுவும் அளவோடு.

அடுத்து சிறுநீர். கருந்தேநீர் நிறத்தில் போனால் தண்ணீர் குறைவு என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். வைரஸ் சில நேரம் தசையையே அழற்சியாக்கிச் சிதைக்கும். சிதைந்த சரக்கு சிறுநீரகத்தில் போய் அடைக்கும். தசை சிதைந்ததைக் காட்ட சிகே என்று ஓர் ரத்தப் பரிசோதனை இருக்கிறது, அது எகிறியிருந்தால் மைதானத்தை மறந்துவிடுங்கள். நெஞ்சு வலி, படபடப்பு, மயக்கம் வந்தால் காலைப் பற்றிப் பேசவே வேண்டாம், இதயத்தைப் பாருங்கள்.

காலையில் கண் விழித்ததும் நாடித்துடிப்பை எண்ணி எழுதுங்கள். வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கும்வரை நடை மட்டும். பிறகு மெதுவோட்டம், அதன்பின் பாதி வேகம். முழு வேகமும் சடாரென்று திரும்புவதும் கடைசியில்தான். படுக்கையில் கிடக்கும்போது உடம்பு சதையைத்தான் கரைத்துச் சாப்பிடுகிறது, ஆகவே முட்டை, பருப்பு, மீன். நிலவேம்பு குடியுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கரைந்த தொடையை அது திருப்பித் தராது. உறக்கம் எட்டு மணி நேரம். கைப்பேசியைத் தலையணைக்கு அடியில் வைக்காதீர்கள்.

நேர்க்கோடு
கைப்பேசிக்கும் தொடைக்கும் என்ன சம்பந்தம்? பெல்ஜியக் கணக்கைப் படித்துவிட்டு வருகிறேன்.

பாட்டுக்காரன்
தைலக்கை அண்ணா, நான் மருந்து கேட்கவில்லை. ஆனால் கருந்தேநீர் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் நின்றுவிட்டேன். ஆட்டத்துக்கு ஐந்து நாள் முன்பு பயிற்சி முடிந்து கழிவறையில் பார்த்தேன், அதே நிறம். இரண்டு இளநீர் குடித்துவிட்டுப் படுத்தேன். காலையில் தெளிந்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.