பினாங்கு சொந்தங்கள் குழு: முறுக்கு சைட்டுக்கு வந்த 508

9:04 பட்டர்வொர்த் சித்தி: பலகார ஆர்டர் சைட் மறுபடி படுத்துருச்சு. தீபாவளிக்கு மூணு வாரம்தான் இருக்கு 😩

9:04 பட்டர்வொர்த் சித்தி: 📷 படம்

9:06 பாயான் லெப்பாஸ் அக்கா: 508 'ரிசோர்ஸ் லிமிட் இஸ் ரீச்ட்'. சர்வர் சாகல சித்தி. அதுல உங்க கணக்குக்கு அளந்து விட்ட பங்கு தீர்ந்துபோச்சு.

9:07 பிறை மாமா: மாசம் 8 வெள்ளிக்கு (ரிங்கிட்) சர்வர்ல இடம் எடுக்கற ஹோஸ்டிங்னா இப்படித்தான் லா

9:07 பட்டர்வொர்த் சித்தி: 'அன்லிமிட்டெட்'னு போட்டிருந்தானே அண்ணே

9:10 பாயான் லெப்பாஸ் அக்கா: அது டிஸ்குக்கும் (ஃபைல் வைக்கற இடம்) பேண்ட்வித்துக்கும் (போய்வர்ற டேட்டா). யாரும் தீர்க்கப்போறதில்லன்னு தெரிஞ்சுதான் அள்ளிக் குடுக்கறான். முக்கியமா கையை இறுக்கறது சிபியு, மெமரி, என்ட்ரி பிராசஸ் இந்த மூணுல. ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கற சிபேனல்ல 'ரிசோர்ஸ் யூசேஜ்' திறங்க, எதுல முட்டுதுன்னு இருக்கும்.

9:16 பட்டர்வொர்த் சித்தி: என்ட்ரி பிராசஸ் 20/20, ஃபால்ட்ஸ் (லிமிட்ல முட்டின தடவை) 143. சிபியு 100%. மெமரி 1 ஜிபியில பாதிகூடத் தொடல.

9:21 பாயான் லெப்பாஸ் அக்கா: என்ட்ரி பிராசஸ்னா ஒரே நேரத்துல உள்ள ஓடுற பிஎச்பி (பக்கத்தைத் தயாரிக்கற புரோகிராம்) வேலைங்க. 20 இடமும் நிறைஞ்சா 21-வது ஆளுக்கு 508. ஒரு பக்கம் தயாராக அரை செகண்ட்னா அந்த 20 இடத்துல செகண்டுக்கு 40 பேர் போகலாம். 4 செகண்ட் ஆனா 5 பேர்தான். சிபியு உச்சத்தைத் தொட்டா எரர் காட்டாது, சத்தமில்லாம மெதுவாக்கும். மெதுவானா உள்ள இருக்கறவன் எழும்ப மாட்டான். வாழை இலைக் கடையில 20 இலை போட்டாச்சு, அடுப்படியில ஒரே ஆள், அந்தக் கதைதான். முட்டுறது இலையில, குறை அடுப்படியில.

9:22 பிறை மாமா: போட்டோ எல்லாம் 4 எம்பி. அதைச் சுருக்கினா சரியாயிடும்

9:24 ஆயர் ஈத்தாம் அண்ணன்: அது வேற வியாதி மாமா. படம் பிஎச்பி வழியா போறதில்ல, அந்த 20 இடத்துல உக்காராது. பாக்கறவங்க போன்லதான் இழுக்கும். 1200 பிக்சல் அகலம், வெப்பி (சின்னதா சுருங்கற பட ஃபார்மட்), 150 கேபிக்குள்ள வைங்க சித்தி, ஆனா இன்னிக்கு ராத்திரி வேணாம். முதல்ல சிபேனல் 'ரா ஆக்சஸ்' ஃபைலை (யார் யார் வந்தாங்கங்கற பதிவு) இங்க போடுங்க.

9:31 பட்டர்வொர்த் சித்தி: 📎 ஃபைல்

9:38 ஆயர் ஈத்தாம் அண்ணன்: 8 மணியிலிருந்து 9 மணிக்குள்ள வெளி ஆப் எல்லாம் வேர்ட்பிரஸ் சைட்டோட பேசற எக்ஸ்எம்எல்ஆர்பிசி ஃபைலுக்கு மட்டும் 2,900 தட்டு. பாஸ்வர்டு துழாவுற பாட் (தானா ஓடுற புரோகிராம்). முறுக்கு வாங்க வந்தவங்க அதுல பத்துல ஒரு பங்குகூட இல்ல 😅 ஜெட்பேக் பிளகின் (சைட்டோட சேர்க்கற துணை புரோகிராம்), வேர்ட்பிரஸ் போன் ஆப் ஏதாவது வச்சிருக்கீங்களா?

9:39 பட்டர்வொர்த் சித்தி: இல்லப்பா

9:43 ஆயர் ஈத்தாம் அண்ணன்: அப்ப தைரியமா அடைச்சிடலாம், இருந்தா அதுங்க அறுந்துபோகும். எச்டிஆக்சஸ் ஃபைல்ல (சர்வருக்கு ரூல் எழுதற இடம்) நான் பூட்டிடறேன். அடுத்தது டபிள்யூபி கிரோன், வேர்ட்பிரஸ் நேரம் வச்சு செய்யற வேலைங்க. யாராவது பக்கம் திறக்கும்போதுதான் அது தொத்திக்கிட்டு ஓடுது. கான்ஃபிக் ஃபைல்ல அதை நிறுத்தி, 'கிரோன் ஜாப்ஸ்'ல 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை வைக்கறேன்.

9:45 பாயான் லெப்பாஸ் அக்கா: சர்வர்ல ஓடுற மென்பொருள் லைட்ஸ்பீட்தான், ஹெடர்ல (சர்வர் பதிலோட வர்ற தகவல்) பாத்தேன். லைட்ஸ்பீட் கேஷ் பிளகின் போடுங்கண்ணே. கேஷ்ல (தயார் பண்ணி சேமிச்சு வச்சது) இருக்கற பக்கம் பிஎச்பியைத் தொடாமலே போயிடும். கார்ட், செக்அவுட், மை அக்கவுண்ட் மூணையும் விலக்கணும், இல்லன்னா ஒருத்தர் கூடையை இன்னொருத்தர் பாப்பாங்க.

9:46 பிறை மாமா: சைட்டுக்கு முன்னால நிக்கற கிளவுட்ஃபிளேர் இலவசமா கிடைக்குதே?

9:48 பாயான் லெப்பாஸ் அக்கா: பாட்டை வாசல்லயே நிறுத்த நல்லது மாமா. ஆனா நாமளா ரூல் போடாத வரைக்கும் எச்டிஎம்எல் பக்கத்தை அது சேமிக்காது, படம், சிஎஸ்எஸ் மாதிரிதான். பின்னால சர்வர் பதிலே குடுக்கலன்னா 508-க்குப் பதிலா 522 (சர்வரைத் தொட முடியல) பாப்பீங்க.

9:49 பட்டர்வொர்த் சித்தி: நேத்து 500-னு வந்துச்சு, அது?

9:50 பாயான் லெப்பாஸ் அக்கா: அது வேற குடும்பம். எரர் லாக் கடைசி வரியைப் பாருங்க. 'அலௌட் மெமரி சைஸ்'னு இருந்தா பிஎச்பி மெமரி லிமிட் பத்தல. பிளகின் பேர் இருந்தா அதை நிறுத்திப் பாருங்க.

10:20 ஆயர் ஈத்தாம் அண்ணன்: மூணும் முடிஞ்சது. சித்தி, கம்ப்யூட்டர்ல எஃப்12, நெட்வொர்க், முதல் வரி, டைமிங். 'வெயிட்டிங்' எத்தனை?

10:26 பட்டர்வொர்த் சித்தி: முகப்பு 3.6 செகண்ட் இருந்தது, இப்ப 0.3! செக்அவுட் 1.9

10:29 பாயான் லெப்பாஸ் அக்கா: இந்த வெயிட்டிங், அதாவது முதல் பைட், 0.8 செகண்டுக்குள்ள வந்தா நல்லதுன்னு கூகுள் கோடு போட்டிருக்கு. செக்அவுட்டை கேஷ் பண்ண முடியாது, அங்கதான் காசு பேசும். நாளைக்கு ராத்திரி 9 மணிக்கும் ஃபால்ட்ஸ் ஏறினா 2 சிபியு கோர், 40 என்ட்ரி பிராசஸ், சிங்கப்பூர் சர்வர் உள்ள பிளானுக்கு ஏறுங்க. முதல் வருஷ விலையை விடுங்க, ரெனியூவல் விலையைக் கேளுங்க. விபிஎஸ் (நாமளே பாத்துக்கற தனி சர்வர்) வேணாம், அப்டேட் பண்ண ஆள் இல்ல.

10:33 பிறை மாமா: ஓமப்பொடி 2 டின் ஆர்டர் போட்டாச்சு

10:33 பட்டர்வொர்த் சித்தி: எத்தனை செகண்ட் ஆச்சு அண்ணே?

10:34 பிறை மாமா: செகண்டை விடு, அட்ரஸ்ல வீட்டு நம்பரைத் தப்பாப் போட்டுட்டேன். எங்க மாத்தறது?