கொண்ட்ரைட்: 'மணிக்கல்' வேண்டாம், 'உருகாக்கல்' வைப்போம்

அண்ணை, கொண்ட்ரைட் என்ற விண்கல் வகைக்குத் தமிழ்ப் பெயராக நீங்கள் சொன்ன 'மணிக்கல்' கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கிளிநொச்சியில் எந்தப் பிள்ளையிடம் சொன்னாலும் மோதிரத்தில் பதிக்கிற கல் என்றுதான் நினைக்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. இந்த விண்கற்களை மெல்லிய சீவலாக அறுத்து நுணுக்குக்காட்டியில் வைத்தால் மில்லிமீற்றர் அளவில் உருண்டை உருண்டையாகத் தெரியும், சில உருண்டைக்குள் ஒலிவீன் என்ற கனியத்தின் பளிங்குகள் கம்பி கம்பியாக வரிசையில் நிற்கும், உண்மைதான். சூரியனைச் சுற்றித் தூசும் வாயுவும் தட்டாகச் சுழன்ற காலத்தில் உருகி, விரைவாக இறுகிப்போன துளிகள் அவை. ஆனால் 1864இல் பிரான்சின் ஒர்கேயில் விழுந்த கல்லில் இந்த உருண்டைகளே கிடையாது; தண்ணீர் பட்டுப் பெரும்பாலும் களிமண் கனியங்களாக மாறிவிட்டது. என்றாலும் அது கொண்ட்ரைட்தான். ஐதரசன், ஹீலியம் போல எளிதில் வாயுவாகிறவற்றை விட்டால் அதன் மூலக விகிதம் சூரியனோடு ஒத்துப்போகிறது. 2020இல் யப்பானின் ஹயபுசா 2 விண்கலம் றியுகு சிறுகோளிலிருந்து கொண்டுவந்த மண்ணும் ஏறக்குறைய அதே வகை. மணியே இல்லாததை மணிக்கல் என்றால் வகுப்பில் முதல் கேள்வியிலேயே மாட்டுப்படுவோம்.

இவற்றுக்கெல்லாம் பொதுவானது, கல் உடைந்து வந்த தாய்ச் சிறுகோள் உருகவில்லை என்பது; அதனால்தான் 'உருகாக்கல்' என்கிறேன். உருகியிருந்தால் இரும்பு மையத்துக்கு இறங்கி, பாறை மேலே வந்து, பழைய பதிவு அழிந்திருக்கும். பூமிக்கு நடந்ததும் அதுதான். எங்கள் பகுதியில் புவியியலாளர் 'வன்னித் தொகுதி' என்கிற பாறைகளே சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் வெந்து உருமாறியவை. சூரியத் தொகுதியின் வயது என்று நாம் சொல்லும் 456 கோடி ஆண்டு, இந்த உருகாத கற்களுக்குள் இருக்கும் கல்சியம், அலுமினியம் நிறைந்த வெள்ளைப் பொட்டுகளை அளந்து வந்தது. எங்கள் முல்லைத்தீவில் 1795இல் விழுந்த கல்லும் விண்கற் பட்டியலில் கொண்ட்ரைட்தான், அதையும் பாடத்தில் சேர்க்கலாம்.

அக்கா கேட்டது நியாயம்: உருகாக்கல்லுக்குள் உருகிய மணியா? ஓம், துளி உருகியது கல் திரள முதல், திரண்ட பிறகு கல் உருகவில்லை. குழப்பம் வராமல் இருக்க அந்த உருண்டை மணிக்கு (கொண்ட்ரூல்) 'உருள்மணி' என்றே வைப்போம். 'குளிகை' வேண்டாம், இங்கே அது ஆசுப்பத்திரிக் குளிசையைத்தான் நினைவூட்டும்.

அப்புறம் உருகிய சிறுகோளிலிருந்து வரும் அகொண்ட்ரைட்டுக்கு 'உருகியகல்', காபன் வகைக் கொண்ட்ரைட்டுக்குக் 'காபன் உருகாக்கல்'. என்ஸ்ரற்றைற்று என்ற கனியம் நிறைந்த கொண்ட்ரைட் வகைக்குத்தான் ஒன்றும் பிடிபடவில்லை, யாராவது சொல்லுங்கோ.